சாஃப்ட்பால் கோப்பை பெரிசா, கையெழுத்து பெரிசா? - சிறுவர் போட்டிகளுக்கு யாருடைய அங்கீகாரம் வாங்க வேண்டும்?

இப்படி ஒரு நோட்டீஸை மனசுல வெச்சுக்குங்க. ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. '17 வயதுக்கு உட்பட்டோருக்கான மாபெரும் அகில இந்திய சாஃப்ட்பால் போட்டி'. நுழைவுக் கட்டணம் ஒரு அணிக்கு இவ்வளவு, வெற்றிபெறும் அணிக்குக் கோப்பை, கலந்துகொள்ளும் அனைவருக்கும் சான்றிதழ். கீழே ஏதோ ஒரு சங்கத்தின் பெயரும் செல்போன் எண்ணும்.

ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் ஓர் அம்மா, வாரக் கூலியிலிருந்து பிடித்து வைத்துப் பெண்ணுக்குக் கட்டணம் கட்டுகிறார். பெண் ஜெயிக்கிறாள். பளபளவென்று 'தேசிய அளவிலான' சான்றிதழ் கைக்கு வருகிறது, லேமினேட் போட்டு பீரோவில் வைக்கிறார்கள். நாலு வருஷம் கழித்து ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை நீட்டினால், கவுன்ட்டரில் இருப்பவர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "இது செல்லாதும்மா."

இது கற்பனைதான். ஆனால், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளை விளையாட விடும் பெற்றோருக்கு இந்தப் பயம் புதிதல்ல. போட்டி நடத்துபவர்களுக்கும் குழப்பம் உண்டு. 'நல்ல எண்ணத்தோடதான் நடத்துறோம், யார்கிட்ட அனுமதி வாங்கணும்?' என்பதற்குத் தெளிவான பதில் எளிதில் கிடைப்பதில்லை. சாஃப்ட்பாலை உதாரணமாக வைத்து, இந்த 'அங்கீகாரம்' என்பது என்ன, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

அங்கீகாரம் என்றால் என்ன?

ஒரு போட்டிக்கு அங்கீகாரம் என்றால், அந்த விளையாட்டைப் பொறுப்பாகக் கவனிக்கும் ஓர் அமைப்பு 'இந்தப் போட்டி எங்கள் விதிப்படி, எங்கள் நடுவர்களைக் கொண்டு, எங்கள் மேற்பார்வையில் நடக்கிறது. முடிவுகளை நாங்கள் ஏற்கிறோம்' என்று எழுத்துபூர்வமாகச் சொல்வது.

சாஃப்ட்பால் பிறந்த அமெரிக்காவில் இது கிட்டத்தட்ட கடைக்குப் போய் சாமான் வாங்குவது மாதிரி. 1887-ல் சிகாகோவில் ஓர் உள்ளரங்கில் தொடங்கிய விளையாட்டு இது. அங்கே 1933-ல் உருவான அமெச்சூர் சாஃப்ட்பால் அசோசியேஷன் (இன்றைய 'யுஎஸ்ஏ சாஃப்ட்பால்') ஒரு பக்கம், 1968-ல் தொடங்கிய 'யுட்ரிபிள்எஸ்ஏ' இன்னொரு பக்கம், இவை போக வேறு பல அமைப்புகள். ஊர்ப் போட்டி நடத்துபவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். எந்த அமைப்பின் காப்பீடு நல்லது, நடுவர்கள் கிடைப்பார்களா, எந்த முத்திரை உள்ள மட்டையை அனுமதிக்கிறார்கள் என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஓர் அமைப்பு ஏற்கும் மட்டையை இன்னொன்று ஏற்காமல் போவதும் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிள்ளையின் அரசு வேலை அதில் தொங்கிக்கொண்டு இருக்காது.

நம் ஊரில் கதை வேறு. இங்கே ஒரு விளையாட்டுக்கு ஒரு தேசிய சம்மேளனத்தைத்தான் மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரிக்கும். 2011-ம் ஆண்டின் தேசிய விளையாட்டு மேம்பாட்டு விதித்தொகுப்பின் அடிப்படையே அதுதான். ஆகவே இங்கே அங்கீகாரம் ஒரு சங்கிலி. மாவட்டச் சங்கம், அதற்கு மேல் மாநிலச் சங்கம், அதற்கு மேல் தேசிய சம்மேளனம், அதற்கும் மேல் சர்வதேச அமைப்பு. சாஃப்ட்பாலுக்கு உச்சியில் இருப்பது உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு. இரண்டு விளையாட்டுகளுக்கும் தனித்தனியாக இருந்த உலக அமைப்புகள் 2013-ல் ஒன்றாக இணைந்து உருவானது அது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருக்கும் சான்றிதழ் அந்தரத்தில் நிற்கும். மாவட்டச் சங்கத்தின் லெட்டர்பேடு எவ்வளவு அழகாக இருந்தாலும், மாநிலச் சங்கத்தின் இணைப்பு அதற்கு இல்லையென்றால் அது வெறும் காகிதம்தான்.

வேலைக்கு ஆகுமா?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பும் இல்லை. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவர். தெற்கு ரயில்வே ஊழியர். விளையாட்டும் வேலையும் சேர்ந்தே வரும் என்பதற்கு இந்தப் பகுதிப் பிள்ளைகள் வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. மத்திய அரசின் குரூப் சி பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு நேரடி நியமனம் உண்டு. அதற்கான விளையாட்டுகளின் பட்டியலில் முதலில் 43 இருந்தன, 2020-ல் 20 சேர்ந்து 63 ஆயின. சாஃப்ட்பால் பழைய பட்டியலிலேயே இருக்கிறது. பேஸ்பால்தான் 2020-ல் சேர்ந்தது.

'அப்போ சாஃப்ட்பால் சர்டிபிகேட் செல்லுமே!' என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. மத்திய அரசு விதிகள் எந்தச் சான்றிதழ், யார் கையெழுத்தோடு வர வேண்டும் என்று படிவம் படிவமாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

படிவம் 1: நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியவர்களுக்கு. தேசிய சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்திட வேண்டும்.

படிவம் 2: மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு. மாநிலச் சங்கத்தின் செயலாளர் கையெழுத்து.

படிவம் 3: பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கு. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்து.

படிவம் 4: மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஆடியவர்களுக்கு. கல்வித் துறையில் விளையாட்டுக்குப் பொறுப்பான உயர் அலுவலர் கையெழுத்து.

உடல்திறன் இயக்கத்தில் தேசிய விருது பெற்றவர்களுக்கு 5-வது படிவம் ஒன்றும் உண்டு.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். இதில் 'மாவட்ட சாம்பியன்' என்று ஒரு படிவம் இல்லை. 'அகில இந்திய அழைப்புப் போட்டி' என்றும் இல்லை. அதாவது, முறையான மாவட்டச் சங்கம் முறையாக நடத்திய போட்டியில் முதல் பரிசு வாங்கினால்கூட, அந்தச் சான்றிதழை வைத்து மட்டும் மத்திய அரசு வேலை கேட்க முடியாது. அதன் பயன் வேறு. அந்தப் போட்டி மாவட்ட அணித் தேர்வுக்கு வழிவிடுகிறது, மாவட்ட அணி மாநிலப் போட்டிக்குப் போகிறது, அங்கே கவனிக்கப்படுபவர்கள் மாநில அணிக்குப் போகிறார்கள். மாநில அணியில் பெயர் வந்து தேசியப் போட்டியில் இறங்கிய பிறகுதான் 'படிவம் 2' என்ற பேச்சே வரும்.

ஆக, சிறுவர் போட்டிக்கு அங்கீகாரம் வாங்குவது சான்றிதழுக்காக அல்ல, ஏணிக்காக. அந்தப் போட்டியில் ஆடும் பிள்ளை அடுத்த படிக்குப் போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாநில அரசின் ஒதுக்கீட்டுக்கு எந்தெந்தப் போட்டிகள் கணக்கில் வரும் என்பது தனி அரசாணைகளில் இருக்கிறது. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் கேட்டால் அப்போதைய நிலவரம் தெரியும்.

மல்யுத்தத்தில் நடந்தது என்ன?

'அதெல்லாம் சின்னச் சங்கங்களோட பிரச்னை, பெரிய சம்மேளனம்னா பயமில்ல' என்று நினைத்தால், இரண்டு வருஷம் முன்பு மல்யுத்தத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 21-ல் இந்திய மல்யுத்த சம்மேளனத்துக்குத் தேர்தல் நடந்தது. புதிய நிர்வாகம் வந்த கையோடு 15 வயதுக்கு உட்பட்டோர், 20 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியப் போட்டிகளை அந்த ஆண்டு முடிவதற்குள் உத்தரப் பிரதேச மாநிலம் கோண்டா மாவட்டம் நந்தினி நகரில் நடத்துவதாக அறிவித்தது. வருஷம் முடிந்தால் சில பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிடும், ஒரு வாய்ப்பு போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். போதிய அவகாசம் கொடுக்காமல், விதிமுறையைப் பின்பற்றாமல் அவசரமாக அறிவித்துவிட்டார்கள் என்று சொல்லி, டிசம்பர் 24-ல் விளையாட்டு அமைச்சகம் அந்த நிர்வாகத்தையே இடைநீக்கம் செய்தது. சம்மேளனத்தின் வேலைகளைக் கவனிக்க இந்திய ஒலிம்பிக் சங்கம் ஒரு தற்காலிகக் குழுவை அமைத்தது.

அதோடு முடியவில்லை. இடைநீக்கம் செய்யப்பட்ட சம்மேளனம் 2024 ஜனவரி கடைசியில் புணேயில் சீனியர் தேசியப் போட்டியை நடத்தியது. தற்காலிகக் குழு பிப்ரவரி தொடக்கத்தில் ஜெய்ப்பூரில் இன்னொரு தேசியப் போட்டியை நடத்தியது. சில நாள் இடைவெளியில் ஒரே விளையாட்டுக்கு இரண்டு 'நேஷனல்ஸ்'! புணே போட்டி தொடங்குவதற்கு முன்பே அமைச்சகம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அது அங்கீகாரமற்ற போட்டி, அதில் தரும் சான்றிதழ் அரசு வேலை உள்ளிட்ட சலுகைகளுக்குச் செல்லாது. 2025 மார்ச்சில்தான் இடைநீக்கம் நீங்கியது.

பாயில் இறங்கி மோதிய வீரருக்கு இதில் என்ன தெரியும்? இரண்டு ஊரிலும் அதே பாய்தான், அதே விசில்தான். பயிற்சியாளர் எங்கே பஸ் ஏறச் சொன்னாரோ அங்கே போனார். யார் கையெழுத்து செல்லும், யார் கையெழுத்து செல்லாது என்பது டெல்லியில் நடந்த சண்டை. அதற்கான விலையைக் கொடுத்தது வீரர்கள். ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த விளையாட்டுக்கே இந்தக் கதி என்றால், யாரும் பெரிதாகக் கவனிக்காத சாஃப்ட்பாலில் ஒரு பள்ளி மாணவி எம்மாத்திரம்?

அங்கீகாரம் நிரந்தரமா?

இல்லை. இதுதான் பலரும் தவறவிடும் இடம். 'எங்க சங்கம் 1990-லேருந்து இருக்கு' என்பது பதிலே அல்ல. சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருப்பது வேறு, விளையாட்டு அங்கீகாரம் வேறு. பதிவு எண் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

தேசிய சம்மேளனங்களுக்கான அங்கீகாரத்தை அமைச்சகம் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நடைமுறையே இருந்துவந்தது. 2020 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 54 தேசிய சம்மேளனங்களுக்குக் கொடுத்த தற்காலிக அங்கீகாரத்தை அமைச்சகம் ஒரே நாளில் திரும்பப் பெற்றது. ஜூன் தொடக்கத்தில் இருந்த அங்கீகாரம் மாதக் கடைசியில் இல்லை!

இந்தியாவில் சாஃப்ட்பாலுக்கான அமைப்பு 1961-ல் ஜோத்பூரில் தொடங்கியது. அறுபது ஆண்டு தாண்டிய வரலாறு. ஆனாலும் போட்டி நடத்தும் ஆண்டில் எந்தப் பெயரில் உள்ள அமைப்பு அமைச்சகத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இருப்பது நம் நாட்டு விளையாட்டில் சாதாரணம். 'சம்மேளனம்' என்பதும் 'சங்கம்' என்பதும் காதுக்கு ஒன்றுதான், சட்டத்துக்கு இரண்டு.

இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றின. அதே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. இதன்படி அங்கீகாரம் கொடுப்பதும் பறிப்பதும் தேசிய விளையாட்டு வாரியத்தின் வேலை. சம்மேளனங்களின் கீழ் இயங்கும் அமைப்புகளின் பதிவும் அதன் பார்வைக்குள் வருகிறது. தகராறுகளை விசாரிக்கத் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் தனி. 'இந்திய', 'தேசிய' போன்ற சொற்களை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வதற்கும் இந்தச் சட்டம் கட்டுப்பாடு வைக்கிறது. டீக்கடைச் சுவரில் 'அகில இந்திய' என்று நோட்டீஸ் ஒட்டும் பழக்கம் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பது வேறு விஷயம்.

தோல் பகுதி ஒன்று, மாவட்டம் மூன்று

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கி பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழில் ஒரே சரடாக ஓடுகிறது. தோல் பதனிடுவது ஓர் ஊர், ஷூ தைப்பது இன்னோர் ஊர். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாவட்ட எல்லை ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றுவிட்டது. ஆம்பூர்க்காரர் பேச்சில் இன்னமும் 'நம்ம வேலூர் மாவட்டம்' என்று வரலாம். விளையாட்டுப் பதிவேட்டில் அப்படி வரக் கூடாது. ஆம்பூர்ப் பள்ளி மாணவி ஆட வேண்டியது திருப்பத்தூர் மாவட்ட அணிக்கு. பக்கத்தில் பேரணாம்பட்டில் படிக்கும் அவளுடைய மாமா பெண் ஆட வேண்டியது வேலூர் அணிக்கு.

ஆகவே ஆம்பூரில் போட்டி வைப்பவர் பழக்கத்தில் வேலூர்ச் சங்கத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டால் ஏணி வேறு சுவரில் சாய்ந்துவிடும். மூன்று மாவட்டத்திலிருந்தும் அணிகளை அழைத்தால், அது மாவட்டப் போட்டி அல்ல. அதற்கு மாநிலச் சங்கத்திடம் பேச வேண்டும். தங்கள் மாவட்டத்தில் சாஃப்ட்பாலுக்கு மாநிலச் சங்கத்தோடு இணைந்த அமைப்பு இருக்கிறதா என்பதை முதலில் விசாரிப்பது நல்லது. இல்லையென்றால், மாநிலச் சங்கமே பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க முடியுமா என்று கேட்கலாம்.

போட்டி நடத்துபவருக்கு என்ன வழிகள்?

முதல் வழி, பள்ளிக் கல்வித் துறை. குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் படிப்படியாக மாநில அளவு வரை போகின்றன. எந்த விளையாட்டு, எந்த வயதுப் பிரிவு, எந்த மட்டத்தில் தொடங்கும் என்பது அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் இருக்கும். 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமம் தேசியப் போட்டிகளை நடத்துகிறது. படிவம் 4-க்கான பாதை இதுதான். கட்டணச் சுமை குறைவு, பி.டி. சார் மூலமாகவே எல்லாம் நடக்கும், மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அலுவலகத்தில் பதில் கிடைக்கும். ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுவே நல்ல வழி. குறை என்னவென்றால், தனியார் கிளப்போ ஊர் இளைஞர்களோ இதை நடத்த முடியாது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கு இதில் இடமில்லை.

இரண்டாவது வழி, மாவட்ட, மாநில சாஃப்ட்பால் சங்கம். கிளப் அணிகளும் ஆடலாம். படிவம் 2-க்கான ஏணி இதில்தான் இருக்கிறது. தகுதி பெற்ற நடுவர்களும் இவர்களிடம்தான் கிடைப்பார்கள். சாஃப்ட்பாலில் இது முக்கியம். கிரிக்கெட் தெரிந்தவர் யாராவது நின்று சமாளித்துவிட முடியாது. பந்தைக் கைக்கு அடியில்தான் வீச வேண்டும், வீசும்போது பிட்சரின் கால் எங்கே இருக்க வேண்டும், 7 இன்னிங்ஸில் எப்போது ஆட்டத்தை முடிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, சங்கத்தின் இணைப்பு அந்த ஆண்டு உயிரோடு இருக்கிறதா என்பது.

மூன்றாவது வழி, யாருடைய அங்கீகாரமும் இல்லாமல் ஊர்ப் போட்டியாக நடத்துவது. இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. வாலிபாலும் கபடியும் தமிழ்நாட்டில் வளர்ந்ததே திருவிழாப் போட்டிகளில்தான். மட்டையைப் பிடித்துப் பார்க்கவே வாய்ப்பில்லாத பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி பெரிய விஷயம். ஒரே ஒரு நிபந்தனை: நோட்டீஸில் உண்மையை எழுதுங்கள். 'இது நட்புப் போட்டி. இதன் சான்றிதழ் வேலைக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ பயன்படாது' என்று ஒரு வரி போதும். அந்த வரியைப் போட்டால் கூட்டம் குறையும் என்று பயந்தால், அந்தக் கூட்டம் எதை நம்பி வருகிறது என்று யோசிக்க வேண்டும்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது, அது வழியே அல்ல. எந்தச் சங்கிலியிலும் சேராத ஓர் அமைப்பிடம் ஒரு தொகையைக் கட்டி 'நேஷனல்', 'இன்டர்நேஷனல்' என்று பெயரை வாங்கிக்கொள்வது. நடத்துபவருக்கு அன்றைக்கு மேடையும் மாலையும் கிடைக்கும். பிள்ளைக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரியவரும்.

காகிதம் மட்டும் போதுமா?

போதாது. அங்கீகாரம் வாங்கியதாலேயே போட்டி பாதுகாப்பாகிவிடாது. 'சாஃப்ட்' என்று பெயரில் இருந்தாலும் அந்தப் பந்து கெட்டியானது. முகத்தில் பட்டால் பல் போகும். மட்டை பிடிப்பவருக்கு ஹெல்மெட், பந்தைப் பின்னால் பிடிப்பவருக்கு முகக்கவசமும் மார்புக்கவசமும் கட்டாயம் வேண்டும். முதலுதவி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி, போட்டி நாட்களுக்கு விபத்துக் காப்பீடு ஆகியவற்றை நடத்துபவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அமெரிக்காவில் அங்கீகாரத்தோடு காப்பீடும் சேர்ந்து வருவது வழக்கம் என்பதற்காக இங்கேயும் வரும் என்று இருந்துவிடக் கூடாது. கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அடுத்தது வயது. 17 வயதுப் பிரிவில் 20 வயதுப் பையன் இறங்கினால் அது மோசடி மட்டுமல்ல, எதிரில் நிற்கும் சின்னப் பையனுக்கு ஆபத்து. பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு இரண்டையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் முறை தேசிய அளவில் இருக்கிறது. வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பு 2010-லேயே வந்துவிட்டது. ஊர்ப் போட்டியில் எக்ஸ்ரே எடுக்க முடியாதுதான். ஆவணத்தைக்கூடப் பார்க்காத போட்டியை எந்தச் சங்கமும் அங்கீகரிக்கக் கூடாது.

பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப் போகும்போது கூடவே ஒரு பெண் பொறுப்பாளர் போக வேண்டும். தங்குமிடம் எது, பூட்டும் கதவு இருக்கிறதா, புகார் என்றால் யாரிடம் சொல்வது என்பதைப் பெற்றோருக்கு முன்னாடியே சொல்லிவிட வேண்டும். இரவு ஷிப்டில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்க நேரம் இருக்காது.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

கட்டணம் கட்டுவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு பதில்தான்.

1. இந்தப் போட்டியை அங்கீகரிக்கும் சங்கம் எது? இந்த ஆண்டுக்கான கடிதத்தைக் காட்ட முடியுமா?

2. அந்தச் சங்கம் மாநிலச் சங்கத்தோடு இணைந்ததா? மாநிலச் சங்கம் இணைந்திருக்கும் தேசிய சம்மேளனம் மத்திய அரசின் பட்டியலில் இப்போது இருக்கிறதா?

3. இதில் நன்றாக ஆடினால் அடுத்து எந்தத் தேர்வுக்குப் போகலாம்? தேதி தெரியுமா?

4. சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? எந்தப் படிவத்துக்காவது அது பயன்படுமா?

5. அடிபட்டால் யார் பொறுப்பு? காப்பீடு இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அது விளையாடி மகிழ்வதற்கான போட்டி மட்டும்தான். அதற்கேற்ற கட்டணமாக இருந்தால் தாராளமாக அனுப்பலாம்.

சாஃப்ட்பால் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் இடம்பெறப் போகிறது. 1996-ல் அறிமுகமாகி, 2008-க்குப் பிறகு நீக்கப்பட்டு, டோக்கியோவில் ஒருமுறை தலைகாட்டி, பாரிஸில் காணாமல்போன விளையாட்டு அது. ஒலிம்பிக் பெயரைச் சொல்லி இனி நோட்டீஸ்கள் அதிகம் வரும், புதிய சங்கங்களும் முளைக்கும். அந்த நேரத்தில்தான் பெற்றோர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாரிடம் அங்கீகாரம் வாங்குவது என்பது உங்களுக்கு ஒரு நாள் வேலை. ரெண்டு போன், ஒரு கடிதம், ஒருமுறை திருப்பத்தூரோ வேலூரோ போய்வர வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் விட்டால், வெயிலில் ஓடி ஆடிய ஒரு பிள்ளையின் ஒரு வருஷம் கணக்கில் வராமலே போகும். அந்த வருஷத்தை நீங்கள் எந்தக் கோப்பையைக் கொடுத்தும் திருப்பித் தர முடியாது.